வேனுக்குப் பின்னால்

“இன்னும் ரெண்டடி பின்னால போங்க.”

“ரெண்டடி பின்னால போனா சாக்கடை.”

“அப்ப வலது பக்கமா ஒரு...”

“வலது பக்கம் போனாலும் வேன், இடது பக்கம் போனாலும் வேன். நான் என்ன பறந்தா எடுக்கறது?”

“யாரு பறக்கச் சொன்னா? நேரா நில்லுங்கன்னுதான்...”

“முப்பது வருஷம் ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தவன் நான். எனக்கு நேரா நிக்கக் கத்துக் குடுக்கறா பாரு.”

கேமரா கணவர் கையில் இருந்தது, அளவு டேப் மனைவி கையில். நடுவில் தெரு. தெருவில் போனவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாட்டில் எந்தச் சந்தில் எந்தச் சுவரில் ஓவியம் இருந்தாலும், எந்த வெட்டவெளியில் எந்தச் சிலை நின்றாலும், தேடிப் பிடித்து அளந்து படமெடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவது மனைவியின் உத்தியோகம். பதினொரு வருஷமாகச் செய்கிறார். பதவி, பதிவாளர். கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்து வாங்குகிற திட்டை வெளியே காற்றாட நின்று வாங்கலாமே என்று கூடவே வந்துகொண்டிருந்தார்.

துறைமுகத்து இரும்புத் திமிங்கிலம், தபால் நிலையத்து ஓட்டுச்சில்லு மயில், மலைப்பாதை வளைவில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கல் மனிதன் என்று இருநூற்று முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. இது இருநூற்று நாற்பது.

அறுபதடி நீளத்துக்குப் பழைய கிடங்கின் சுவர். இடது பக்கம் பதினேழு பேர், வலது பக்கம் பத்தொன்பது பேர், எல்லாம் ஆளுயரத்தில். பாதித் தலையை வாரி மீதியை விட்டுவிட்டு ஓடிவரும் பெண். ஒற்றைச் செருப்போடு ஒரு கிழவர். காதை விறைத்துக்கொண்ட நாய். அத்தனை பேரும் கையை நீட்டிக்கொண்டு நடுவையே பார்க்கிறார்கள்.

நடுவில் சாம்பல் நிறத் தார்ப்பாயால் போர்த்திய வேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

“இப்படியே எடுத்துக் குடுத்துடேன். வேன்னு ஒரு வரி எழுதிட்டாப் போச்சு” என்றார் கணவர்.

“ஏழாம் விதி இருக்கே.”

ஏழாம் விதி என்பது, மறைப்பு ஏதுமில்லாத முழுப் படம் இல்லாவிட்டால் எந்தப் படைப்பும் பதிவேட்டில் ஏறாது என்பது. அதை எழுதியவரே பதிவாளர் அம்மாள்தான். வெண்கலக் குதிரையின் குளம்பை யாரோ பிடித்த குடை நுனி மறைத்தது என்று சக அதிகாரி ஒருவரை இருநூறு மைல் திருப்பி அனுப்பியவர். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு அதுதான் பெயர். “ஏழாம் விதி வருது, எழுந்திரு” என்பார்கள்.

மாதக் கடைசியில் பதிவேடு புத்தகமாக அச்சுக்குப் போகிறது. இதுவரை வந்த தொகுதிகளில் அவர் பெயர் ‘உதவியவர்கள்’ என்ற பட்டியலில், பைண்டிங் செய்தவருக்குக் கீழே வந்திருக்கிறது. இந்த முறை துறை இயக்குநர் சொல்லியிருந்தார், “இருநூத்து நாப்பது நிறைஞ்சா முதல் பக்கத்துல உங்க பேரு. நிறையலேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” அடுத்த வருஷம் பதிவாளர் அம்மாள் உத்தியோகத்திலேயே இருக்க மாட்டார். ஓய்வுக்கு நாலு மாதம்தான் பாக்கி.

வேனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. செல்போனைக் குச்சியில் கட்டி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையாக ஏதோ வந்தது.

“வெள்ளையா இருக்கு” என்றார் கணவர்.

“பக்கத்துல வச்சு எடுத்தா அப்படித்தான். பாய்மரமா இருக்கலாம். அன்னமா இருக்கலாம்.” குறிப்பேட்டில் ‘நடுவில் வெண்ணிறப் பேருரு’ என்று எழுதிக்கொண்டார்.

எதிரே சலவைக்கடை. கடைக்கார அக்கா நீராவிப் பெட்டியைச் சட்டை மேல் ஓட்டியபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வேன் யாரோடதும்மா?”

“யாரோடதுன்னு தெரியாதும்மா. நான் கடை போட்டதுல இருந்து இங்கதான் நிக்குது.”

“இதுக்குப் பின்னால என்ன இருக்கு?”

“பின்னாலயா? வெறும் சுவர்.”

“சரி, இந்தப் படத்துல நடுவுல என்ன வரைஞ்சிருக்கு?”

“ஒரு சின்னப் பொண்ணு. முதல் தடவையா சைக்கிள் ஓட்டறா. விழுந்துடப் போறாளேன்னுதான் இத்தனை பேரும் ஓடி வர்றாங்க. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் பொண்ணைப் பாத்துத்தான் பெயிண்டர் வரைஞ்சாரு.”

பதிவாளர் அம்மாள் எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “பின்னால வெறும் சுவர்னீங்க. இப்ப பொண்ணுங்கறீங்க.”

“ஆமாம்மா. ரெண்டும்தான்.”

“ஒரு வாய்ல ரெண்டு பேச்சா இருக்கே.”

“ஞாயித்துக்கிழமை காலையில வாங்களேன். முழுசாப் பாக்கலாம்.”

தெருவுக்கு இந்தப் பக்கம் வந்ததும் மனைவி சொன்னார், “புரிஞ்சுதா? ஞாயித்துக்கிழமை யாரோ வண்டிய வெளியில எடுக்கறாங்க. ஓனர் இருக்கான். இவங்க காட்டிக் குடுக்க மாட்டேங்கறாங்க.”

“நாலு டயரும் அப்பளமா தரையோட ஒட்டிக் கிடக்கு. இது எப்படி வெளியில போகும்?”

“நீங்க வண்டியப் பாக்காதீங்க. சுவரைப் பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ஒரு குடைக்குள் இரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். ஈ காக்கை வரவில்லை. வேன் நின்ற இடத்திலேயே நின்றது. சலவைக்கடைக் கதவு பாதி திறந்து, “மழை விடட்டும்மா, இன்னிக்கு முடியாது” என்று குரல் மட்டும் வந்தது.

“பாத்தீங்களா, வாய் கூசாமப் பொய் சொல்றா” என்றார் மனைவி. கணவருடைய பாதித் தோள் குடைக்கு வெளியே இருந்தது.

ஆனாலும் மனைவி தும்மியது அவர் மனதை என்னவோ செய்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தம்மிடம் படித்த இரண்டு லாரி ஓட்டுநர்களைக் கூட்டிக்கொண்டு, கடப்பாரையோடு வந்தார்.

“முன்னால ஒரு பத்தடி தள்ளிட்டு, படம் எடுத்துட்டு, திரும்பத் தள்ளி விட்டுடலாம். காதும் காதும் வச்ச மாதிரி.”

தார்ப்பாயின் மேலேயே கையை வைத்து மூவரும் மூச்சைப் பிடித்தார்கள். சலவைக்கடை அக்கா ஓடி வந்தார். பின்னாலேயே, கையெல்லாம் கிரீஸோடு சைக்கிள் கடைக்காரர்.

“வண்டியத் தொடாதீங்கய்யா.”

“பத்தே அடிம்மா.”

“பத்தடியும் வேணாம், பதினஞ்சடியும் வேணாம். அது அங்கதான் நிக்கணும். அங்க நின்னாத்தான் அழகு.”

“படத்தை மறைக்குதேம்மா” என்றார் பதிவாளர்.

“எதை மறைக்குது?” என்றார் அக்கா. உண்மையாகவே புரியாத முகம்.

இந்தப் பேச்சுக்கு நடுவே கடப்பாரை வழுக்கியது. வேன் பத்தடி முன்னால் போவதற்குப் பதில் ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்து, சுவரில் விலாவைச் சாய்த்துக்கொண்டு நின்றது. முன்பாவது குச்சி நுழைய இடம் இருந்தது. இப்போது காகிதம் நுழையாது.

“முப்பது வருஷம் கத்துக் குடுத்தீங்களாக்கும்” என்றார் மனைவி.

திரும்பும் வழியில் கணவர் மெதுவாகச் சொன்னார். “ஒண்ணு கவனிச்சியா? தார்ப்பாய்க் கயிறு புதுசு. முடிச்சு போட்டு மாசம்கூட ஆகியிருக்காது. கேப்பாரில்லாத வண்டிக்கு யாரு புதுக் கயிறு வாங்கிக் கட்டுவா?”

“அந்தம்மாதான். சலவை மூட்டை வைக்க இடம் வேணும்ல. அதான் அழகாம்.”

மறுநாள் பதிவாளர் அம்மாள் முறைப்படி இறங்கினார். போக்குவரத்துப் பிரிவில் ஒருவர் முகத்தைத் தூக்காமலே கேட்டார், “எதை மறைக்குது?”

“தேசியப் பதிவேட்டு ஓவியத்தை.”

“பதிவு எண்?”

“பதிஞ்சாத்தான் எண். முழுப் படம் இருந்தாத்தான் பதியலாம். வேனை எடுத்தாத்தான் முழுப் படம்.”

“எண் இருந்தாத்தான் வேனை எடுக்கலாம்.”

இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். விதியை விதி அறியும்.

அலுவலகம் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, பதினொரு வருஷத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். முழுப் படம் இல்லாமலே எண் போட்டார். இருநூற்று நாற்பதின் பூஜ்யம் கோணலாக விழுந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மூன்றாம் நாளே தார்ப்பாயில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். ‘தேசியப் பொதுக்கலைப் பதிவேடு, எண் 240-ஐ முன்னிட்டு, இவ்வாகனம் ஏழு நாட்களில் அரசால் எடுத்துச் செல்லப்படும்.’

அறிவிப்பைச் சைக்கிள் கடைக்காரர் ஒரு முறையும், சலவைக்கடை அக்கா இரண்டு முறையும் படித்தார்கள். சண்டைக்கு வருவார் என்று பதிவாளர் அம்மாள் தொண்டையைச் சரிசெய்து வைத்திருந்தார். அக்கா வந்தார், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

“அரசாங்கமே எடுத்துக்குதாம்மா?”

“ஆமா.”

“இதுக்குன்னு இடம் இருக்கா?”

“இதுக்குன்னே இருக்கு. எல்லாத்தையும் அங்கதான் கொண்டு போவாங்க.”

“எங்களுக்கு மனசுக்குக் கஷ்டம்தான். அஞ்சு வருஷப் பழக்கம்.” அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “ஆனா இங்க வெயில்லயும் மழையிலயும் கிடக்கறதுக்கு, அங்க ஒரு கூரையாவது இருக்கும். சரிம்மா. நல்லதுதான் செய்யறீங்க.”

“எடுத்துச் சொன்னா எல்லாருக்கும் புரியும்” என்று பதிவாளர் அம்மாள் அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார். கணவர் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே, “நீ என்ன எடுத்துச் சொன்னே?” என்று கேட்டார். அதற்கு அவர் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினார்.

எட்டாம் நாள் காலை கிரேன் வந்தது. இயக்குநரே காரில் வந்து இறங்கினார். முக்காலியில் கேமரா தயாராக நின்றது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சலவைக்கடை அக்கா இரண்டு கம்பளியை மடித்து எடுத்துவந்து வேனின் பக்கவாட்டில் செருகினார்.

“உரசாமத் தூக்குங்க தம்பி. இந்தப் பக்கம் மட்டும் கீறல் படக் கூடாது.”

கிரேன்காரர் பதிவாளரைப் பார்த்தார். அவர், சொல்கிறபடி செய்துவிடு என்று கண்ணைக் காட்டினார். போகிற வேனுக்கு ஒரு கம்பளியால் என்ன குறைந்துவிடப் போகிறது.

வேன் தார்ப்பாயோடு அந்தரத்தில் எழும்பியது. சைக்கிள் கடைக்காரரின் மகள், இப்போது பள்ளிச் சீருடையில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தவள், கையை ஆட்டினாள். வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

சுவர் வெள்ளையாக இருந்தது. வெறும் சுண்ணாம்பு. இடது பக்கத்து மனிதர்களும் வலது பக்கத்து மனிதர்களும் கையை நீட்டிக்கொண்டு, ஓடிவந்து, மூச்சு வாங்க, ஒரு துண்டு வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதிவாளர் அம்மாளின் முதல் பக்கம், பெயர், நாலு மாதம் எல்லாம் அந்த வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தன.

“அடடா” என்றார் இயக்குநர்.

“சார், நான்...”

“பேசாதீங்க.” இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “அத்தனை பேரும் ஓடி வர்றாங்க. எதைப் பாக்க? ஒண்ணுமில்லாததைப் பாக்க. என்ன துணிச்சல் இந்த ஆளுக்கு. இதாம்மா அட்டைப் படம்.”

போன உயிர் திரும்பி வந்தது. பதிவாளர் அம்மாள் கேமராவை அழுத்தினார். மறைப்பு ஏதுமில்லாத முழுப் படம். குறிப்பேட்டில் தலைப்பு என்ற இடத்தில் ‘வெறுமை’ என்று எழுதினார்.

கணவர் மட்டும் சுவருக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “கீழ கரிக்கோட்டுல ரெண்டு அரை வட்டம் போட்டிருக்கு. சக்கரம் மாதிரி.”

“அது சூரியன்” என்றார் இயக்குநர்.

“ரெண்டு சூரியனா?”

“உதயம் ஒண்ணு, அஸ்தமனம் ஒண்ணு.”

“என்னங்க, சும்மா வாங்க இப்படி” என்றார் மனைவி. பிறகு கொஞ்சம் இரங்கி, தாழ்ந்த குரலில், “சைக்கிள் ஓட்டற பொண்ணாம். எங்கே, காட்டச் சொல்லுங்க பாப்போம்” என்றார்.

இயக்குநர் கை குலுக்கிவிட்டுப் போனார். பதிவாளர் அம்மாளின் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு எழுதி வாங்கிக்கொண்டு போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் கிரேன்காரர் திரும்பி வந்து ஒரு ரசீதை நீட்டினார்.

“பழைய வண்டி நசுக்கற இடம் பக்கந்தான் மேடம். போனதும் அழுத்திட்டாங்க. இப்ப மூணடிக்கு மூணடி கட்டியா இருக்கு. ரசீது பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து.”

பதிவாளர் அம்மாள் போட்டுக் கொடுத்து, தம் பங்கு நகலை வாங்கி மடித்துக்கொண்டார். கிரேன் கிளம்பிப் போயிற்று.

சலவைக்கடை அக்கா தெருவைக் கடந்து வந்தார். பின்னால் சைக்கிள் கடைக்காரரும் அவர் மகளும், இன்னும் ஏழெட்டுப் பேரும். நல்ல உடை உடுத்தியிருந்தார்கள். அக்கா முன்பு தார்ப்பாயைக் கட்டியிருந்த பழைய கயிறு ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

“ஒரு விஷயம் கேக்கணும்மா” என்றார். “ஞாயித்துக்கிழமையானா தார்ப்பாயத் திறந்து, வேன்ல வரைஞ்சிருக்கிற அந்தச் சைக்கிள் பொண்ணைப் பாத்தே பழகிட்டோம், இனிமே பாக்கணும்னா நாங்க எந்த மியூசியத்துக்கும்மா வரணும்?”