நோய் வாங்கும் செடி

மாடிப்படி முழுக்கச் செருப்பு. மேலே கூடத்தில் நிற்க இடமில்லை. நோயை உறிஞ்சும் செடியை ஒருவர் கண்டுபிடித்துவிட்டாராம். ஆஸ்பத்திரிகளை இழுத்து மூடுவது ஒன்றுதான் பாக்கி!

நர்சரியில் ப்ரோமிலியாட் என்று விற்கிற தொட்டிச்செடிதான் அது. செடி வைத்தியர் அதைச் சிவப்புப் பூவோடு கொடுப்பார். நோயாளி கட்டிலருகே வைத்து, இலைகளின் நடுக்குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். "இது பரம ரகசியம்" என்பார். அந்த ரகசியத்தை நர்சரிக்காரன் தொட்டியிலேயே சீட்டு எழுதி ஒட்டியிருப்பான். பூ வாடியதும் செடி மெல்லக் காயும். நோய் செடிக்குள் இறங்குகிறதாம். முழுக்கக் காய்ந்ததும் எரிப்பதற்காக அவரிடமே திருப்பித் தர வேண்டும். அதுவரை மாத்திரை, ஊசி கூடாது. செடி கோபித்துக்கொள்ளும்.

மூட்டை தூக்கும் ஒருவன் மூன்று மாதமாக ஊசியை நிறுத்தியிருந்தான். சர்க்கரை நோய், காலில் புண். செடி காய்ந்தது. புண் செழித்தது.

அவன் அக்கா பழக் கிடங்கில் கூடை சுமப்பவள். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அன்னாசித் தோட்டத்தில் முள்ளோடு மல்லுக்கட்டியவள்.

"கால் நாறுதுடா. ஆஸ்பத்திரிக்கு வா."

"செடி பாதி காஞ்சிடுச்சுக்கா. நடுவுல வந்து கெடுத்துடாத."

மறுநாள் காலை அவனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவளே கூடத்துக்கு வந்தாள். இடுப்பில் ஒரு தொட்டி. பூ வாடி, பாதி காய்ந்த செடி.

"ஐயா, இதுல யாரோட நோய் இறங்கியிருக்கு? பார்த்துச் சொல்லுங்க."

வைத்தியர் இலையைத் தடவினார். கண்ணை மூடினார். "பொம்பளை. நாப்பது வயசு. வயித்துல கட்டி. முக்கால்வாசி இறங்கிடுச்சு. இன்னும் ஒரு மாசத்துல எழுந்து நடப்பா."

கூட்டம் மெய்சிலிர்த்தது.

"நடந்தா எங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள் அக்கா. "இது எங்க கிடங்குச் செடி. ராவும் பகலும் இது பக்கத்துல இருந்தது எடை போடுற தராசு ஒண்ணுதான். தராசுக்கு ஏதுங்க வயிறு?"

"நம்பிக்கை இல்லாதவங்க தொட்டா செடி பேசாது!"

"இப்பதான வயசு வரைக்கும் பேசுச்சு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இது அன்னாசிக்குச் சொந்தக்காரச் செடி. ஒரே தடவைதான் பூக்கும். அப்புறம் அடியில குட்டி விட்டுட்டுத் தாய் காஞ்சிடும். நோயாளி வீட்டுலயும் காயும், பயில்வான் வீட்டுலயும் காயும். எரிக்கிறேன்னு இவர் வாங்குறது எதுக்கு? குட்டியைப் பிச்சு நட்டு, மறுபடி உங்க தலையில கட்டத்தான்!"

வைத்தியருக்குத் திடீரென்று வெளியூர் நோயாளி ஒருவர் ஞாபகம் வந்தார். பின்வாசல் வழியாகப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும் கவலையோடு கேட்டார்: "அப்ப அந்தத் தராசுக்குக் குணமாயிடுச்சாம்மா?"

தம்பி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். தன் முகத்தையே பார்த்ததுபோல் இருந்திருக்கும். "அக்கா, ஆட்டோ கூப்பிடு" என்றான்.

கால் பிழைத்தது. இரண்டு விரல் போயிற்று. செடிக்கு மூளை கிடையாது, மன்னித்துவிடலாம். நமக்கு என்ன சாக்கு?