ஊமைக் குக்கரும் ஆறு மணி விசிலும்

அன்புள்ள சித்திக்கு,

கையிருப்பில் உள்ள மரியாதை அனைத்தையும் திரட்டி வாலு எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். உன் கண் சுகமா? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டோடு படுத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். செய்தித்தாளைக்கூட அம்மா வாசிக்க நீ சாய்ந்துகொண்டு கேட்கிறாயாமே, ராணி மாதிரி. இன்னும் மூன்று வாரம் அப்படியே கிட. உபசாரம் இத்துடன் முடிந்தது, இனி விஷயம்.

முதலில் ஒரு சத்தியம் செய். இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. போனில் சொல்லலாம் என்றால் அம்மா எதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். நீ "ம்" என்று சொல்வதற்குள் அவள் மூன்று கேள்வி கேட்டுவிடுவாள். அதனால்தான் உன் பெயருக்குத் தபால். அடுத்தவர் பெயருக்கு வந்த உறையைப் பிரிக்காத ஒரு நல்ல குணம் அம்மாவிடம் உண்டு. நீயே பிரித்து, நீயே படித்து, நீயே கிழித்துப் போட்டுவிடு.

அம்மா உன்னைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே என்ன சொன்னாள் தெரியுமா? "ஒரே ஒரு நாள் நீங்க ரெண்டு பேரும் சமைக்கலன்னு தெரிஞ்சாலும் போதும், மறுநாளே டிக்கெட் போட்டுருவேன்." போட்டுவிடுவாள். அப்புறம் உனக்கு ஆறு வேளை சொட்டு மருந்து யார் விடுவது? சித்தப்பா கப்பலில் இருக்கிறார். நீயோ காய்ச்சல் மாத்திரையைப் பூந்தொட்டிக்குக் கொடுத்துவிட்டு விழுங்கினேன் என்று சொன்ன ஆள். ஆக, உன் கண் இப்போது எங்கள் அடுப்பில் இருக்கிறது. பயப்படாதே, தீயைச் சிறிதாகத்தான் வைத்திருக்கிறோம்.

அம்மா ஒரு தாளில் சமையல் குறிப்பு எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள். முதல் வரி: "அரிசியைக் கழுவி குக்கரில் வைக்கவும். மூன்று விசில்." அவ்வளவுதான். தண்ணீர் என்ற சொல் எங்குமே இல்லை. அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும், லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு திருகாணியைக்கூடத் திருக மாட்டார். கழுவினார், வைத்தார், மூடினார், கைகட்டி நின்றார். கால்மணி நேரம் கழித்துச் சமையலறை ரப்பர் எரிகிற மாதிரி மணத்தது. "அப்பா, அணைங்கப்பா" என்றேன். "மூணு விசில்னு எழுதியிருக்கு. ஒண்ணுகூட வரலையே" என்றார். "புகை வருதுப்பா." "புகையைப் பத்தி ஒண்ணும் எழுதல." அவர் அணைத்தபோது குக்கரின் அடிப்பாகம் தார் ரோடு ஆகியிருந்தது, கேஸ்கட் உருகி மூடியோடு ஐக்கியமாகியிருந்தது. ஆமாம் சித்தி, அதே குக்கர்தான். தாத்தா உங்கள் இரண்டு பேர் கல்யாணத்துக்கும் ஒரே கடையில் வாங்கிக் கொடுத்த ஜோடியில் ஒன்று. அம்மா அதை என்னைவிடப் பதவிசாகப் பிடித்துத் தூக்குவாள். இப்போது அது என் கட்டிலுக்கு அடியில், பழைய போர்வை போர்த்தி, ஓய்வில் இருக்கிறது.

மறுநாளே இந்தக் குளிர் தேசத்துக் கடையில் புதுக் குக்கர் வாங்கினோம். பதினோரு மொழியில் விளக்கப் புத்தகம், அதில் நம் மொழி இல்லை. பளபளவென்று இருக்கிறது, ஒரே குறை, ஊமை. விசிலே அடிக்காது. ஒரு சிவப்புப் பொத்தான் எழுந்து நின்று எங்களை முறைக்கும், அவ்வளவுதான். அப்பா பருப்பை வைத்துவிட்டு நான்கு விசிலுக்குக் காத்திருந்தார். முக்கால் மணி நேரம். அந்தப் பருப்பால் என் கிழிந்த காலணியை ஒட்டியிருக்கலாம். ஒட்டிப் பார்த்தேன், நன்றாகவே பிடித்தது. பழைய குக்கரின் வெயிட்டைக் கழற்றி புதியதில் பொருத்தப் பார்த்தார் அப்பா. அது உட்காரவே இல்லை.

ஆபத்து அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது. அம்மா போன். "என்ன, சமையல் ஆகுதா?" "ஆகுதும்மா." "குக்கர் வச்சிருக்கீங்களா?" "வச்சிருக்கோம்மா." "விசில் சத்தமே காணோம்?" அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் டிக்கெட் விலை தெரிந்தது. நான் குளியலறைக்கு ஓடினேன், இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து வைத்தேன், அடித்தேன் ஒன்று. "விசிலடிக்காதடி, விசிலடிக்காதடி" என்று பத்து வருஷமாக அம்மா திட்டித் திட்டி வளர்த்த திறமை, அவள் காதிலேயே போய் நின்றது. "இது என்ன, கீச்சுன்னு இருக்கு?" என்றாள். அப்பா கொஞ்சமும் அசராமல், "இந்தக் குளிருக்குத் தொண்டை கட்டியிருக்கும்" என்றார். "குக்கருக்கா?" என்றாள் அம்மா. நான் இரண்டாவது விசிலை அடித்து அந்தக் கேள்வியை மூடினேன்.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு இதே கச்சேரி. சோற்றுக்கு மூன்று, பருப்புக்கு நான்கு, உருளைக்கிழங்குக்கு ஐந்து. ஒரு நாள் அப்பா பின்னறையில் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் அம்மாவுக்காக மூன்று விசிலை மடமடவென்று அடித்து முடித்தேன். அப்பா அதை எண்ணிக்கொண்டே வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டார். வைத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா விடுவாளா, "நீங்க சாப்பிடுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றாள். சாப்பிட்டோம். "என்ன மொறுமொறுன்னு சத்தம் கேக்குது?" "அப்பளம்மா." "இவ்வளவு நேரமாவா அப்பளம்?" "நிறைய பொரிச்சுட்டோம்மா." என் கடைவாய்ப் பல் ஒன்று இன்னமும் அப்பாவோடு பேசுவதில்லை.

இதற்கிடையில் புது உறவு ஒன்றும் உண்டானது. கீழ் வீட்டில் பஸ் ஓட்டும் ஒரு அம்மா இருக்கிறார், அவருடைய நாய் ஒன்று, சோபா அளவு இருக்கும். என் விசிலைக் கேட்டதும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அது மாடியேறி வந்து கதவைப் பிறாண்டும். தீய்ந்தது, குழைந்தது, வேகாதது எல்லாவற்றையும் முகம் கோணாமல் சாப்பிட்ட ஒரே ஜீவன். அம்மா போனில், "யாரு அது குரைக்கிறது?" என்றாள். "அப்பா பாடுறாரும்மா" என்றேன். "அப்படியா, சுருதி பரவாயில்லையே" என்றாள். பத்தாம் நாள் பஸ் ஓட்டும் அம்மாவே நேரில் வந்துவிட்டார். "நான் வைக்கிற சாப்பாட்டை இவன் மோந்துகூடப் பாக்கறதில்ல. நீங்க அப்படி என்னதான் போடுறீங்க?" என்று கேட்டார். எங்கள் சமையலை ஒருவர் இப்படிப் பாராட்டியது அதுவே முதல்முறை. அப்பா மூன்று நாள் அந்தப் பெருமையிலேயே இருந்தார்.

ஆனால் நாயை வைத்து எத்தனை நாள் சமாளிப்பது? நான் உட்கார்ந்து யோசித்தேன் (இதை இரண்டாவது தடவையும் படித்துப் பார், நான்தான் யோசித்தேன்). போன வருஷம் என் பிறந்தநாளுக்கு அப்பா எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது. அம்மா குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்ததும் கேக் வெட்டுவதை எடுக்க ஆரம்பித்தார், நடுவில் அம்மா என் அறை கிடக்கும் கோலத்தைப் பற்றித் திட்ட ஆரம்பித்தாள், அப்பாவுக்கு நிறுத்தத் தெரியவில்லை, பதினான்கு நிமிடம் ஓடுகிறது. அந்தத் திட்டுக்குப் பின்னால் கேட்பது என்ன? அம்மாவின் குக்கர். ஏழாவது நிமிடம் ஒன்று, பத்தாவது நிமிடம் ஒன்று, பன்னிரண்டாவது நிமிடம் ஒன்று. குறித்துக்கொண்டேன். மறுநாள் அரிசி, தண்ணீர் (ஆமாம், தண்ணீர்), ஊமைக் குக்கர், கையில் கடிகாரம். ஏழில் அடித்தேன், பத்தில் அடித்தேன், பன்னிரண்டில் அடித்தேன். மூன்றாவது விசிலுக்கு அப்பா அணைத்தார். பொத்தான் இறங்கியது. திறந்தால், சித்தி, சோறு சோறாகவே இருந்தது. பருக்கை பருக்கையாக. அப்பா ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டார், அப்புறம், "ஏய் வாலு, தட்ட எடு" என்றார். அன்று நாய்க்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து எங்களைத் துரோகிகளைப் பார்ப்பது போலப் பார்த்தது.

இப்போது என் விசில் இல்லாமல் அப்பாவுக்குச் சமைக்க வராது. கடிகாரத்தை அவர் கையிலேயே கொடுத்துப் பார்த்தேன். "நிமிஷம்னு எழுதல, விசில்னுதான் எழுதியிருக்கு" என்கிறார்.

ஆக, சாப்பாடு பிரச்சினை தீர்ந்தது. மிச்சம் இருப்பது கட்டிலடிப் பிணம். அம்மா வந்ததும் முதலில் தேடப்போவது என்னை அல்ல, குக்கரை. எனவே என் பணிவான வேண்டுகோள்: உன்னிடம் இருக்கும் ஜோடிக் குக்கரை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு சத்தமில்லாமல் எனக்கு அனுப்பிவிடு. வெயிட்டை மறக்காதே. அம்மா கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி இரவல் வாங்கிப் போனாள் என்று சொல். அம்மாவுடையதில் கைப்பிடிக்குக் கீழே ஒரு நசுங்கல் உண்டு. அதை அப்பா சுத்தியலால் ஒரே தட்டில் கொண்டுவந்துவிடுவார், எழுதிக் கொடுத்தால்.

உன் கண் பளிச்சென்று தெரிந்து, என் பொய் மட்டும் மங்கலாகத் தெரிய எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொள்ளும்,
வாலு

பின்குறிப்பு: உறையில் தபால்தலையும் ஒட்டியாயிற்று. அப்பா வாங்கிப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "சித்திக்குக் கண்ணுல கட்டு. இத யாருடி படிச்சுக் காட்டுவா?"

அம்மா, நலமா? தொண்டை வறண்டிருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. நீ இப்போது தினமும் சமைப்பதும் சித்தியின் அந்தக் குக்கரில்தான் என்பது எனக்கு இந்த நிமிடம்தான் உறைக்கிறது. கிழித்துப் போடலாம் என்றேன். அப்பா, "வேண்டாம், அனுப்பு. இல்லன்னா அவ ஊர் திரும்பின அன்னிக்கு நேர்ல சொல்லணும்" என்று சொல்லிவிட்டார். திட்டுவதை வீடியோவாக எடுத்து வைத்துக்கொள், பருப்புக்கு நேரம் குறிக்க உதவும். ஆனால் டிக்கெட் மட்டும் போடாதே. சித்திக்கு அடுத்த வேளை சொட்டு மருந்தைப் போட்டுவிட்டு, ஆறு மணிக்குப் போன் பண்ணு. மூன்று கேட்கும். விசில்தான் பொய்யம்மா, சோறு நிஜம்.