கடல் தாண்டிய பூட்டும் ஆணியில் தொங்கும் சாவியும்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். முதுகுவலியும் எங்களோடு சௌக்கியமாகவே இருக்கிறது. பட்டறையை மூடிவிட்டு உன்னோடு வந்து சேரச் சொல்லி எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில்.

போன வாரம் தொழில் சங்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நீ இருக்கிற துறைமுக ஊரில் பூட்டுப் பட்டறைக்காரர்கள் பாதிப்பேர் ஏற்றுமதி செய்கிறார்களாம், நம் ஊரில் ஒருவரும் இல்லையாம், ஏன் என்று படிவத்தில் நான்கு வரிக்குள் எழுத வேண்டுமாம். நான்கு வரியில் அடங்குகிற வயிற்றெரிச்சலா இது? உங்களுக்கு ஜன்னலைத் திறந்தால் கப்பல். எங்களுக்குக் கப்பலின் புகையைப் பார்க்கவே லாரியில் இரண்டு நாள். உங்கள் தெருவில் டீ போடுகிறவருக்கே ஏற்றுமதிப் படிவம் அத்துப்படி. இங்கே வங்கி மேலாளர் அதை முன்னும் பின்னும் திருப்பிவிட்டு, எந்த ஆபீஸில் கொடுக்கணும் என்று என்னையே கேட்கிறார். அப்படியும் விடாமல் வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்கு நானூறு பூட்டு அனுப்பினேனா, பூட்டுக்கு ஒரு சாவிதானே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்று அங்கிருந்து கடிதம். நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. சாவியைத் தொலைக்காத மனுஷன் இந்த ஊரில் இல்லை என்று இரண்டாவதைப் பட்டறை ஆணியிலேயே மாட்டி வைப்போம், தொலைத்தவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார். அந்தப் பழக்கதோஷத்தில் நானூறையும் நம்பர் போட்டு மாட்டிவிட்டேன். தொலைந்தால் நேரில் வாருங்கள், ஆறு மணி வரை திறந்திருக்கும் என்று மரியாதையாகத்தான் பதில் போட்டேன். அத்தோடு சத்தத்தைக் காணோம்.

நீ இருந்த பதினோரு வருஷம் நினைவுக்கு வருகிறது. ஒரே பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து, நான் அரத்தால் ராவ நீ ஸ்பிரிங் மாட்ட, மத்தியானம் ஒரே டப்பாவில் சாப்பாடு. பாஷை தெரியாத வெளியூர்க்காரர் வந்தாலும் நீ புருவத்தாலேயே பேசி முடித்துவிடுவாய். நான் ஏதோ தேடுகிற மாதிரி உள்ளே போய்விடுவேன். கிளம்புகிற அன்று, "அங்க கடல் இருக்கு அத்தான்" என்றாய். இங்கே நான் இருக்கிறேனே என்று சொல்ல வாய் வரவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

ஆகவே படிவத்தில் ‘காரணம்: கடல் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஏற்றுமதிக்கும் எனக்கும் ஒத்துவராது. நான் வரவில்லை. நீயும் பிள்ளைகளும் குறைவில்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா படித்துவிட்டாள். "அடுத்த தெருவுல கதவுக் கைப்பிடி செய்யறவர் மாசாமாசம் வெளிநாட்டுக்கு அனுப்பறாரே, அவருக்கு மட்டும் கடல் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்கிறாள். சத்தத்தைக் காணோம் என்றது பொய். அந்த வியாபாரி என் பதிலைப் படித்துச் சிரித்ததாக எழுதி, இன்னும் ஆயிரம் பூட்டு கேட்டிருக்கிறார். கடிதம் மூன்று வாரமாக என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. முன்பின் தெரியாதவரிடம் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லையடா. நீ இருந்தவரை அது தெரிய வேண்டியிருக்கவில்லை. இருபதாம் தேதிக்குள் அவருக்குப் பதில் சொல்லணும். வந்துவிடேன்.