பின்னால் போகத் தெரிந்த ஆம்பளை

கம்பம் பள்ளத்தாக்கில் முன்னால் போகத் தெரிந்த ஆம்பளைகளை எண்ணி முடியாது. கோயில் மரியாதையில் முன்னால், பஸ் ஏறுவதில் முன்னால், பந்தியில் எல்லாருக்கும் முன்னால். பின்னால் போகத் தெரிந்த ஆம்பளை என்று இந்த மாவட்டத்திலேயே ஒருத்தர்தான் உண்டு. அவர் ரிவர்ஸ் மாஸ்டர். நிஜப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கும் அவர் சம்சாரத்துக்கும் மட்டும் தெரியும்.

ஆறடி உயரம். தொண்ணூறு கிலோ. மீசைக்கு மட்டும் தனியாக ஓட்டுரிமை கொடுக்கலாம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் ஆடுவது பொம்பளை ஸ்டெப்.

அவசரப்பட்டு எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மேகமலை எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர், பிறகு தேக்கடிப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு டிரைவராகப் போனார். வருகிற விருந்தாளிகளுக்கு ஜோடி ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ரிசார்ட்காரர்கள் கொச்சியிலிருந்து ஒரு வாத்தியாரை வரவழைத்து, வேலையாட்களுக்குப் பழக்கினார்கள். ஜோடி ஆட்டத்தில் ஒருத்தர் கூட்டிப் போக வேண்டும், இன்னொருத்தர் கூடவே போக வேண்டும். கூட்டிப் போகிறவர் ஆண், முன்னால் வருவார். கூடப் போகிறவர் பெண், பின்னால் நடப்பார். அப்படித்தான் யாரோ பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் “எங்க வீட்டுல கொன்னுருவாக” என்று அடுப்படிக்குள் போய்விட்டார்கள்.

“ஆரெங்கிலும் ஒராள் லேடியாயிட்டு நில்லு” என்றாராம் கொச்சி வாத்தியார், யாராவது ஒருத்தர் பெண்ணாக நில்லுங்கள் என்று. எல்லா ஆம்பளைகளும் சுவரைப் பார்த்தார்கள். நம்மாள் போய் நின்றார். நாலு வருஷம் நின்றார். பெண் போட வேண்டிய அடி அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஆண் போட வேண்டிய அடி ஒன்றுகூட வராது.

இப்போது அவர் கம்பத்தில் ஒரு மாட்டுத்தீவனக் கடைக்கு மேல் மாடியில், கல்யாண ரிசப்ஷனுக்கு ஆட வேண்டிய ஜோடிகளுக்கு வகுப்பு எடுக்கிறார். புண்ணாக்கு வாசனைக்கு நடுவே எத்தனையோ புதுமாப்பிள்ளைகள் அவர் இடுப்பைப் பிடித்துத்தான் பழகிப் போயிருக்கிறார்கள். அந்த வரிசையில் ஐம்பத்திரண்டு வயதில் நானும் போய் நின்றேன் என்பதுதான் அநியாயம்.

காரணம் என் மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது போனில் கூப்பிட்டாள்.

“அப்பா, ரிசப்ஷன்ல நீங்களும் அம்மாவும் ஆடணும்.”

“என்னாத்துக்கு ஆத்தா?”

“நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு நான் பாத்தது ரேஷன் கார்டு போட்டோவுலதான். நகை கேட்டேனா, காரு கேட்டேனா? இது ஒண்ணுதான்பா கேக்குறேன்.”

நியாயமாக நகையையே கேட்டிருக்கலாம். சின்னமனூரில் மோட்டார் பம்பு கடை வைத்திருப்பவன் நான். கடையில் இருப்பதெல்லாம் அஞ்சு எச்.பி., பத்து எச்.பி. என் முழங்கால் மட்டும் கால் எச்.பி. “சரி” என்று சொல்லிவிட்டேன். 

முதல் நாள் மீனாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மீனா என் மனைவி. போஸ்ட் ஆபீசில் வேலை. அவளுக்கு முன்னால் நான் ரெண்டு அடி கற்றுவைத்துக்கொள்ள வேண்டும் என்று தனியாகப் போனேன். மாஸ்டர் என் வலது கையை எடுத்துத் தன் முதுகில் வைத்தார். தன் இடது கையை என் தோளில் வைத்தார். தோள் ஒரு இஞ்ச் இறங்கியது.

“அண்ணே, இப்ப நான் பொம்பள. கூட்டிட்டுப் போங்க.”

“எங்க?”

“அது உங்களுக்குத்தான தெரியணும். நீங்கதான லீடு.”

சன்னலுக்குக் கீழே ஒரு டவுன் பஸ் நின்றது. அதற்குள் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து எங்களைத்தான் பார்த்தார்கள். நான் பதறிப்போய், நின்றுபோன லாரியைத் தள்ளுவதுபோல அவரைத் தள்ளினேன்.

“தள்ளாதீகண்ணே. வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட் ஆயிருச்சு” என்றார்.

மூன்று நாளில் அவருடைய பத்து கால்விரலையும் மிதித்து முடித்தேன். ஓய்வுக்கு உட்கார்ந்தபோது ஒரு சந்தேகம் கேட்டேன். “ஏன் மாஸ்டர், இத்தன பேருக்குச் சொல்லிக் குடுக்கிறீகளே, நீங்க ஒரு மேடையிலயும் ஆடுனதில்லையா?”

“என்னயக் கூட்டிட்டுப் போக ஆளு வேணும்லண்ணே” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நாலாம் நாள் மீனா வந்தாள். பாட்டைப் போட்டுவிட்டு மாஸ்டர் எங்கள் ரெண்டு பேரையும் ரெண்டே நிமிஷம் பார்த்தார். பாட்டை நிறுத்தினார்.

“அக்கா கூட்டிட்டுப் போகட்டும். அண்ணே பின்னாடி போகட்டும்.”

“என்னாது?”

“உங்களுக்குத் தாளம் காதுல விழுகுதுண்ணே. ஆனா அது காலுக்கு எறங்குறதுக்குள்ள அடுத்த பாட்டு வந்திருது. அக்காவுக்குக் கையில இருந்தே வருது.”

அப்புறம்தான் யோசித்தேன். இருபத்தேழு வருஷமாக மீனா போஸ்ட் ஆபீசில் முத்திரை குத்துகிறாள். தட், தட். தட், தட். ஒரு கச்சேரிக்குக் காணும் தாளத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நான் ரேடியோ கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் இந்த ஞானம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

“ஏன்யா, நான் ஆம்பளையா இல்லையா?”

“அத இங்கன சொல்லிக் குடுக்கிறதில்லண்ணே.”

மீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “என்னங்க, நான் உங்கள எங்க கூட்டிட்டுப் போயிரப் போறேன்? இந்தா, இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவருக்கு.”

படி இறங்கிவிட்டேன். வீட்டுக்கே போயிருப்பேன்; பைக் சாவி மீனாவின் பையில் இருந்தது. கீழே தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து, கடைக்காரரிடம் தவிடு பற்றி விசாரிக்கிறவன் மாதிரி நடித்தேன். மாஸ்டர் பின்னாலேயே இறங்கி வந்தார். என்னைவிடக் கோபமாக இருந்தார்.

“அண்ணே, எஸ்டேட்டு உள்ரோட்டுல போயிருக்கீகளா? ஒரு வண்டிதான் போகும். ஒரு பக்கம் மண்ணுத் திட்டு, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். எதுக்க வண்டி வந்தா ஒருத்தர் அகலமான எடம் வர்ற வரைக்கும் ரிவர்ஸ் எடுக்கணும். ஒரு நா மொதலாளி வீட்டு மருமகன் புதுக் காருல எதுக்க வந்தாரு. அவருக்குப் பின்னால பத்தடியில எடம் இருக்கு. பின்னாடி எடுங்க சார்னேன். ‘நான் எதுக்குப்பா பின்னாடி போகணும்’னாரு. கவுரவம் பாக்குறாருன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, அவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது.”

“அப்புறம்?”

“என் ஜீப்புல பதினாலு பொம்பளையாளுக, கொழுந்து பறிக்கிறவுக. மழ வேற. அர மைலு ரிவர்ஸ் எடுத்தேன். ஒரு ஆளு எறங்கல. எல்லாம் வெத்தல போட்டுக்கிட்டே வந்தாக. முன்னாடி போறவனுக்கு ரோடு கண்ணுக்குத் தெரியும்ணே. பின்னாடி போறவன் ரோட்ட முதுகாலயே பாக்கணும். அதப் போயி எளப்பம்னு எவன் சொன்னது? எளப்பம்னா பொம்பளைக்கு, கவுரவம்னா ஆம்பளைக்குன்னு பிரிச்சு வச்சானே, அவன் ஒரே ஒரு நா பின்னாடி போயிப் பாத்தானா?”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. கடைக்காரர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூட்டையிலிருந்து எழுந்து மேலே போனேன்.

அதற்கப்புறம் பத்து நாள் பின்னால் நடந்தேன். பின்னால் நடப்பது அவ்வளவு பயமான சங்கதி என்று எனக்குத் தெரியாது. சுவர் எங்கே இருக்கிறது, நாற்காலி எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. எதிரே இருக்கிற முகத்தை நம்பிப் போக வேண்டும். இருபத்தேழு வருஷமாக மீனா இப்படித்தான் வந்துகொண்டிருக்கிறாளா என்று ஒரு கேள்வி வந்தது. அதை உடனே அமுக்கிவிட்டேன். நான் தயங்கி நின்றால் மாஸ்டர் மேசையைத் தட்டுவார். ஜீப் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் வண்டியின் முதுகைத் தட்டுவாரே, அதே தட்டு. டப் டப் என்றால் வரலாம். ஒரே டப் என்றால் நில்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது செய்தி வெளியே போனது. சின்னமனூரில் முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, “அண்ணே, மதினி முன்னாடி போறாகளாம்ல?” என்றார். மறுநாள் மாப்பிள்ளையின் பெரியப்பா கோம்பையிலிருந்து கூப்பிட்டார். சம்பந்தி வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“சம்பந்தி, ஒரு சேதி கேள்விப்பட்டேன். நம்ம சபையில அதெல்லாம் வேணாம். ஆம்பள முன்னாடி போனாத்தான் பாக்க லட்சணம். இல்லையா, ஆடாம விட்டுருங்க.”

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று வரைக்கும் விதவிதமாக வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்று சொன்னது, “சரிங்க சம்பந்தி.”

மகளிடம் ஆடுவேன் என்று சொல்லியாகிவிட்டது. மீனாவிடம் பின்னால் போவேன் என்று சொல்லியாகிவிட்டது. கோம்பைப் பெரியப்பாவிடம் முன்னால் போவேன் என்றும் சொல்லியாகிவிட்டது. ரெண்டு கால்தான் இருந்தது. மூணு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். மூணாவது சேதியை மீனாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

தேனியில் மண்டபம். சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்களை மேடை ஏற்றினார்கள். முதல் வரிசையில் கோம்பைப் பெரியப்பா கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடை ஓரத்தில் பட்டுச்சேலையில் என் மகள், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. பாட்டு ஆரம்பித்தது. மீனா முன்னால் ஒரு அடி வைத்தாள்.

நானும் முன்னால் ஒரு அடி வைத்தேன்.

நெற்றியும் நெற்றியும் மோதியது. அவள் குங்குமம் என் நெற்றிக்கு வந்தது. உள்ரோட்டில் ஜீப்பும் காரும் மூக்கோடு மூக்கு நிற்பதுபோல நின்றோம். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

“என்னங்க பண்றீக?” என்றாள் உதடு அசையாமல்.

“கோம்பைக்காரரு பாக்குறாரு.”

“உங்க மக பாக்குறா.”

திரும்பிப் பார்த்தேன். மகள் போனை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கை இறங்குவதை என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் கால் நகர மாட்டேன் என்கிறது. அது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. யாரோ இரும்பு நாற்காலியின் முதுகைத் தட்டுகிறார்கள்.

டப் டப்.

மண்டபத்தில் பாதிப் பேர் மலை ரோட்டில் ஜீப்பில் போய் வருகிறவர்கள். அத்தனை பேரும் அனிச்சையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். என் கால் என்னைக் கேட்காமலே பின்னால் போனது. டப் டப். இன்னொரு அடி. மீனா என்னைக் கூட்டிக்கொண்டு மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனாள், திருப்பினாள், திரும்பக் கூட்டிவந்தாள். நான் எதையும் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். ரேஷன் கார்டில் இருப்பதைவிட ரொம்ப நன்றாக இருந்தாள். பாட்டு முடிந்தபோது மகளின் போன் உயரத்தில்தான் இருந்தது. கண்ணுக்கு வைத்த மை மட்டும் கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

இதோடு நான் ஒதுங்கியிருக்க வேண்டிய ஆள். கடைசி வரிசையிலிருந்து மாஸ்டர் எழுந்து மொய்க் கவரோடு மேடைப் பக்கம் வந்தார். கோம்பைப் பெரியப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதானா அந்தப் பொம்பள ஸ்டெப்பு வாத்தியாரு? இவ்வளவு பெரிய மீசைய வச்சுக்கிட்டு வெக்கமா இல்ல?”

சுற்றி நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள்.  மாஸ்டர் கவரை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். உள்ரோட்டில் அன்றைக்கு எடுத்த மாதிரி, இங்கேயும் அவர்தான் ரிவர்ஸ் எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. போனில் சொல்லாமல் விட்ட வசனமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்தது.

“மாஸ்டர், இங்கன வாங்க. மேடைக்கு வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்.”

அவர் பக்கத்தில் வந்து காதில் சொன்னார். “அண்ணே, உங்களுக்கு லீடு வராது.”

“தெரியும். வாங்க.” பிறகு முதல் வரிசையைப் பார்த்துச் சொன்னேன். “சம்பந்தி, ஆம்பள முன்னாடி போகணும்னு சொன்னீகள்ல. இந்தா போறேன். நல்லாப் பாத்துக்கங்க.”

மீனா போய்ப் பாட்டுக்காரனிடம் அதே பாட்டை மறுபடி போடச் சொன்னாள்.

நான் ஆடியதைப் பற்றி நானே சொல்கிறேன்: கேவலம். தாளம் தப்பி அடி வைத்தேன். அவர் அதை ஒரு சுழற்சியாக்கினார். இடறி நின்றேன்; அவர் தோளைச் சாய்த்து, நாங்கள் வேண்டுமென்றே நின்ற மாதிரி ஆக்கினார். மேடை விளிம்பை நோக்கி அவரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். விளிம்புக்கு ஒரு சாண் முன்னால், திரும்பிப் பார்க்காமலே வளைந்து விலகினார். தொண்ணூறு கிலோ மனுஷன் என் கையில் ஒரு கிராம்கூடக் கனக்கவில்லை. என் தப்பு ஒவ்வொன்றையும் அவர் முதுகாலேயே பார்த்துச் சரிபண்ணிக்கொண்டே போனார். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. சிரிப்பதற்கென்று எழுந்தவர்களும் தட்டினார்கள்.

கோம்பைப் பெரியப்பா மேடை ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “இம்புட்டு நல்லா ஆடுறீக, சம்பந்தி. பாத்தீகளா, முன்னாடி போனாத்தான் அழகு.”

என் கையை. மாஸ்டர் கையை அல்ல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுஷனைப் பத்து எச்.பி. மோட்டாரில் கட்டிக் கிணற்றில் இறக்கியிருப்பேன். மாஸ்டர் என் தோளைத் தட்டினார்.

“விடுங்கண்ணே. ரிவர்ஸ் எடுக்குற டிரைவர எவன் பாத்தான்?”

 எனக்குப் பதிலும் தாளம் மாதிரிதான்; அன்று காதில் விழுந்ததற்கு வாய்க்குப் பதில் வர ஒரு வருஷமாகிவிட்டது. நான் பார்த்தேன், மாஸ்டர். ரொம்பப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.