ஆனைத்தடத்துக்குப் பூட்டு

“ஏத்தா பாண்டி, ஆனை எங்கிட்டு நிக்குதுன்னு பாக்கலாம்னு ஒன் சைட்டைத் தொறந்தா, வழுக்கைத் தலையில முடி முளைக்க எண்ணெய்ங்குதே. இது ஆனைக்கா, எனக்கா?”

மொக்கச்சாமி மாமா போனில் இப்படிக் கேட்டபோது, பாண்டீஸ்வரி போடி ஏலக்காய்க் கடையில் அன்றைய லோடுக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தாள். பில்லைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் ‘ஆனைத்தடம்’ சைட்டைத் திறந்தாள். ‘தேவாரத்துக்கு மேற்கே மூணு ஆனை, ஓடைப்பக்கம் போகாதீங்க’ என்று காலையில் அவள் போட்ட எச்சரிக்கையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

“மாமா, யாரோ சைட்டுக்குள்ள புகுந்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிர்றேன்.”

“வெரசாப் பண்ணு ஆத்தா. மக்காச்சோளம் முத்தி நிக்குது. கதிர் ஒடிக்க வெள்ளிக்கிழமைதான் ஆளு வருது. அதுக்குள்ள ஆனை வந்து விழுந்துச்சுன்னா என் சோலி முடிஞ்சுது.”

அது அவளுக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாண்டீஸ்வரியின் வாழைத்தோட்டத்துக்குள் இதே ஆனைகள் விழுந்து, தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம் என்று போட்டுவிட்டுப் போயின. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த படிப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியே எடுத்தாள். வாடகைக்கு ஒரு சர்வர் பிடித்து, சொந்தமாக ஒரு வலைப்பூ கட்டினாள். ஆனையைப் பார்த்தவர்கள் அதில் கமெண்ட் போடுவார்கள். அவள் விசாரித்து உறுதிப்படுத்தி, வரைபடத்தில் ஒரு குட்டி ஆனைப் படத்தை நகர்த்தி வைப்பாள். தினமும் நானூறு பேருக்குக் குறையாமல் வந்து பார்த்தார்கள்.

“தேவாரத்துல பாதிப் பேரு நம்ம சைட்டைப் பாத்துட்டுத்தாங்க தோட்டங்காட்டுக்கே போறாங்க” என்று புருஷன் பிரபாகரனிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். ஊரிலும் அவளுக்கு ‘ஆனைக்காரி’ என்றே பேர் விழுந்துவிட்டது. அவள் அம்மாவுக்குத்தான் அந்தப் பேர் பிடிக்கவில்லை.

அப்படிப்பட்ட சைட்டில் இப்போது எண்ணெய் வழிந்தது.

பாண்டீஸ்வரி ‘காவற்கோட்டை’ என்ற பாதுகாப்புப் பிளக்கினை இறக்கிச் சொருகினாள். பிளக்கின் என்றால் பெரிய விஷயமில்லை. குக்கருக்கு விசில் மாதிரி, சைட்டோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள். விசில் சரியில்லையென்றால் என்ன ஆகும் என்பது சமைக்கிற எல்லாருக்கும் தெரியும்.

காவற்கோட்டை மூலை முடுக்கெல்லாம் துழாவிக் குற்றவாளியைப் பிடித்தது. பொங்கலுக்குச் சைட்டில் பூமழை பொழியட்டும் என்று, எங்கிருந்தோ ஓசியில் எடுத்து அவளே மாட்டிய பிளக்கின்தான் அது. பொங்கல் போய்ப் பல மாதமாகியும் அதைக் கழற்ற மறந்திருந்தாள். அந்தப் பூமழை வழியாகத்தான் எண்ணெய்க்காரர் உள்ளே இறங்கியிருக்கிறார்.

அதைப் பிடுங்கி எறிந்தாள். வெள்ளைக்காரர் மறைந்தார். ‘அப்பாடா’ என்று பில் போடத் திரும்பினாள்.

கால்மணி நேரத்தில் மறுபடி மாமா.

“ஆத்தா, ஓடையில ஆனை நிக்குதுன்னு எழுதுறேன், எழுதுறேன், ஏறவே மாட்டேங்குதே.”

“என்னான்னு எழுதுனீங்க?”

“ஆனை ஆனை ஆனைன்னு எழுதுனேன்.”

“எதுக்கு மாமா மூணு தடவை?”

“மூணு ஆனை நிக்குதுல்ல!”

ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதினால் அது குப்பைக் கமெண்ட் என்பது காவற்கோட்டையின் சட்டம். மாமாவின் மூன்று ஆனைகளையும் பிடித்துக் குப்பைத் தொட்டியில் அடைத்து வைத்திருந்தது. கூடவே, ஆனை என்று எழுதிய மற்ற எல்லாருடைய கமெண்டையும். ஆனையைப் பற்றிய சைட்டில் வேறு எதை எழுதுவார்கள்?

எழுதுவது மனிதர்தான் என்று நிரூபித்துவிட்டால் விட்டுவிடும் என்று எங்கோ படித்தாள். அதற்கென்றே இருந்த இன்னொரு பிளக்கினை மாட்டினாள். ‘நான் ரோபோ இல்லை’ என்று சொல்லி, படங்களைத் தொட வைக்கிற வகை.

“பாண்டி, என்னைய என்னத்தா சொல்லுது இது? டிராஃபிக் சிக்னல் இருக்குற கட்டத்தையெல்லாம் தொடணுமாம். நம்மூர்ல ஏதுத்தா சிக்னலு?”

“படத்துல இருக்கும் மாமா. அதைத் தொடுங்க.”

“தொட்டேன். இப்ப பஸ்சைத் தொடுங்குது. ஒண்ணைத் தொட்டா இன்னொரு பஸ்சு வருது. நம்ம ஊருக்கு இத்தனை பஸ்சு விட்டிருந்தா நான் எதுக்குத்தா சிலமலை வரைக்கும் நடக்குறேன்?”

“கடைசி பஸ்சு வரைக்கும் தொடுங்க மாமா.”

“தொட்டுட்டேன்... ‘நீங்க ரோபோதான்’னு சொல்லிருச்சு.” மாமாவின் குரல் உடைந்திருந்தது. “அறுபத்தெட்டு வயசுல இந்தப் பேச்சையும் கேக்கணும்னு எழுதியிருக்கு எனக்கு.”

மாமாவைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரையைப் பார்த்தால், விஷயம் முற்றியிருந்தது. புதிதாக வந்த பிளக்கின் யாரோ அந்நியன் என்று காவற்கோட்டை முடிவுகட்டிவிட்டது. கோட்டை ஒரு ரோபோ என்று புதுப் பிளக்கினும் முடிவுகட்டிவிட்டது. ஒன்றையொன்று முடக்கப்போய், நடுவில் சைட்டு வெள்ளை வெளேரென்று நின்றது. ஆனை இல்லை, எண்ணெய் இல்லை, ஓர் எழுத்துகூட இல்லை.

உள்ளே போய் ஒன்றையாவது கழற்றலாம் என்று நுழைந்தாள். ‘புதிய பாதுகாப்பு விதிப்படி, உங்கள் கைபேசிக்கு ஓர் எண் அனுப்பியுள்ளோம்’ என்றது கோட்டை. கைபேசியைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சைட்டு கட்டிய புதிதில் அவள் போன் ரிப்பேர். பிரபாகரனின் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள்.

பிரபாகரன் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். சனிக்கிழமைதான் கீழே இறங்குவான். அங்கே சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னாலிருக்கிற பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். அதுவும் பாதி நேரம் கேரளா டவர்தான் எடுக்கும்.

“ஏங்க, ஒங்க போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். வெரசாச் சொல்லுங்க. ஒரு நிமிசந்தான் உயிரோட இருக்கும்.”

“எது?”

“நம்பருதாங்க!”

“இரு, பாறையில ஏறுறேன்... ஆங், வந்திருச்சு. நாலு, ஏழு, ரெண்டு... ஏப்பா, தூறல் விழுது, காயெல்லாம் நனையுது, தார்ப்பாயை இழுத்து மூடுங்கப்பா! எதுல விட்டேன்?”

“ரெண்டுல.”

“எந்த ரெண்டு? இதுல மூணு ரெண்டு இருக்கு.”

நிமிஷம் முடிந்துபோனது. அடுத்த நம்பர் வந்தது. அதற்குள் சிக்னல் போனது. சிக்னல் வந்தபோது நம்பர் செத்திருந்தது. நாலாவது தடவை பிரபாகரனே ஒரு யோசனை சொன்னான்.

“நம்பரு என் போன்லதானே வருது? நீ பாஸ்வேர்டைச் சொல்லு. நானே உள்ள போய்க் கழட்டி விட்டுர்றேன்.”

பாண்டீஸ்வரி கொஞ்சம் தயங்கினாள்.

“ஒங்க பேருதான்.”

“என் பேரா?”

“ஆமா. பின்னாடி ஒரு ஆச்சரியக்குறி.”

“ஆச்சரியம் எதுக்கு?”

“அதுதான் போடச் சொல்லுச்சு. சோலியப் பாருங்க நீங்க.”

பிரபாகரன் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டான். நுழைந்த சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. கடைக் கம்ப்யூட்டரிலும் அவன் போனிலும் ஒரே நேரத்தில் சிவப்பாக ஒரு பலகை விழுந்தது.

‘பாண்டீஸ்வரி தற்போது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் ஒரே நேரத்தில் இருக்கிறார். இது சாத்தியமில்லை. நிர்வாகி நிரந்தரமாக வெளியேற்றப்படுகிறார்.’

“ஏய், என்னைய வெளிய தள்ளிருச்சு பாண்டி!”

“என்னையுந்தான்!”

கட்டிய வீட்டிலிருந்தே கழுத்தைப் பிடித்துத் தள்ளிய மாதிரி இருந்தது அவளுக்கு. அழுகைகூட வரப் பார்த்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு மூலையில், ‘பரவாயில்லையே, பூட்டு கெட்டியாத்தான் இருக்கு’ என்று ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

கடைசியில் சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்தவர் சாவகாசமாகப் பேசினார்.

“மேடம், ஒரே சைட்டுக்கு ரெண்டு வாட்ச்மேன் போட்டா இப்படித்தான். சர்வருக்குள்ள நேரா போற வழி இருக்கு. அங்க பிளக்கின்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதோட பேரை மாத்திருங்க. எந்தப் பிளக்கினுக்கும் தன் வீடு எங்க இருக்குன்னு தெரியாது. எல்லாம் செயலிழந்துரும்.”

“என்ன பேரு வைக்க?”

“உங்க இஷ்டம் மேடம்.”

பாண்டீஸ்வரி ‘வேண்டவேவேண்டாம்’ என்று பேர் வைத்தாள். சைட்டு பளிச்சென்று உயிர் பெற்றது. மேலே தலைப்பு, கீழே வரைபடம், மலை, ஓடை, தார்ரோடு எல்லாம் வந்துவிட்டன.

ஆனையைத் தவிர.

வரைபடத்தில் ஆனையை வரைவதும் ஒரு பிளக்கின்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஆத்தா, ஆனையெல்லாம் மலையேறிருச்சா? ஒண்ணைக்கூடக் காணோமே!” மாமாவின் குரலில் அப்படியொரு நிம்மதி.

“ஐயோ, இருக்கு மாமா! சைட்டுலதான் இல்ல.”

“ஆனை சோளக்காட்டுல இல்லாம இருக்கணும்னுதானேத்தா சைட்டே வச்ச? நீ சைட்டுல இல்லாமப் பண்ணிட்டு, காட்டுல விட்டுட்டியே!”

ஆனை இல்லாத வரைபடத்தை நம்பி எவராவது ஓடைக்குள் இறங்கிவிட்டால்? மொத்தச் சைட்டையும் இழுத்து மூடி, ‘ஆனைத்தடம் பராமரிப்பில் உள்ளது. ஜாக்கிரதையாக இருக்கவும்’ என்று ஒரே ஒரு வரியை மட்டும் தொங்கவிட்டாள். மாமாவுக்குப் போன் போட்டு, தகரத்தையும் டார்ச்சையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

“தகரம் எதுக்குத்தா? என்னையத்தான் ரோபோன்னு சொல்லிருச்சே. நானே போய் நின்னா ஓடிரும்” என்றார் மாமா. கோபம் இன்னும் ஆறவில்லை.

அடுத்த மூன்று நாள் பாண்டீஸ்வரி சைட்டைச் சுத்தம் செய்தாள். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்தாள். இருபது பிளக்கினில் எதற்கென்றே தெரியாமல் கிடந்தவை பதினான்கு. ஒன்று ராசிபலன் சொல்லும். ஒன்று மவுஸ் அம்புக்குறியின் பின்னால் நட்சத்திரம் விட்டுக்கொண்டு ஓடும். இதையெல்லாம் தான்தான் மாட்டினோமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அத்தனையையும் தூக்கிப் போட்டாள். மிச்சத்தைப் புதுப்பித்து, ஒவ்வொன்றாக மாட்டி, மாட்டிய கையோடு சைட்டு நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் அடுத்ததைத் தொட்டாள். காவலுக்கு ஒன்றே ஒன்று, அதிலும் தன் சொந்த நம்பர். பாஸ்வேர்டையும் மாற்றினாள். என்னவென்று பிரபாகரன் கேட்டதற்கு, “இனிமே சொல்ல மாட்டேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆனைத்தடம் திறந்தது. திறந்ததுமே கடைக்கு லீவு சொல்லிவிட்டு மொக்கச்சாமி மாமாவின் சோளக்காட்டுக்கு ஓடினாள். மூன்று ராத்திரியும் தூங்கவில்லை. தன்னால் மாமாவின் வெள்ளாமை போயிருந்தால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

காட்டில் ஆட்கள் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சோளத்தட்டைகூடச் சாயவில்லை. மாமா வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, ஆனை வரலையா?”

“வந்துச்சே! மூணு நாளும் வந்துச்சு. முந்தியெல்லாம் எவனோ வெரட்டுன மாதிரி அலறிப் புடைச்சு ஓடியாந்து காட்டுக்குள்ள விழும்ல? இப்ப என்னடான்னா, தேருக்குப் போற சனம் மாதிரி வரிசையா ஓடையில நடந்து வந்துச்சு, தண்ணி குடிச்சுச்சு, வந்த வழியே மலையேறிப் போயிருச்சு. நீ போட்ட பூட்டு ஆனைக்கும் சேத்து விழுந்திருச்சுபோல ஆத்தா.”

பாண்டீஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. சைட்டு ஓடினால் ஆனை விழுகிறது, சைட்டு நின்றால் ஆனை ஒழுங்காக நடக்கிறது. இது எந்தப் பிளக்கினுடைய வேலை?

அப்போது ஒரு ஜீப்பு தடத்தில் வந்து நின்றது. முப்பது வயதிருக்கும், ஓட்டி வந்தவன் குதித்து இறங்கி வரப்பில் வேகமாக வந்தான்.

“ஆனைத்தடம் நடத்துற அக்கா நீங்கதானே? வீட்டுல இங்கன இருப்பீங்கன்னு சொன்னாங்க. நான் குரங்கணி நிலவன். தெனமும் ஒங்க சைட்டைப் பாக்குற ஆளு.”

குரங்கணி வரைக்கும் தன் எச்சரிக்கை போகிறதா என்று பாண்டீஸ்வரிக்கு முகம் மலர்ந்தது. “அப்பிடியா தம்பி? சைட்டு நின்னதுல ரொம்பச் சிரமமாப் போச்சா?”

நிலவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“பின்ன இல்லையாக்கா? ஆனை எங்க நிக்குதுன்னு நீங்க சொல்லாம, மூணு ராத்திரியா எங்க ஆளுக அத்தனை பேரும் ஜீப்பு நெறைய டூரிஸ்ட்டை ஏத்திக்கிட்டு, லைட்டைப் போட்டு, ஆரனை அடிச்சு, வெறும் மலையைத்தானேக்கா வெரட்டிக்கிட்டுத் திரிஞ்சோம்!”