பதினேழாவது மாடியில் தொங்கிய மானம்

பிரியமுள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும், முந்தாநாள் வந்திறங்கிய மகளும் மருமகனும் சௌக்கியம், என் முழங்கால்கள் இரண்டும் நீங்கலாக. அங்கே குழந்தைகளின் படிப்பும் உன் வாயுத் தொல்லையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதவும்.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு உயரம் என்றால் பயம். சிரிக்காதே. லிஃப்டுக்கு ஜன்னல் கிடையாது, மோட்டார் அறைக்கும் கிடையாது. நாற்பது மாடி ஏறினாலும் நான் கண்டது கிரீஸும் கம்பிவடமும்தான். இந்த ரகசியம் உன் அக்காவுக்கே தெரியாது. நீயும் மூச்சு விடாதே.

மருமகனுக்குப் படம் எடுக்கும் பைத்தியம். டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கோபுரமெல்லாம் அவருக்கு ஆகாதாம், யாருக்கும் தெரியாத மாடியிலிருந்துதான் நகரத்தைப் பார்க்க வேண்டுமாம். என் மகள் சும்மா இருந்தாளா? "எங்க அப்பா கால் படாத மாடியே இந்த ஊர்ல கிடையாது, அவரோட போங்க" என்று கோத்துவிட்டாள். முதன்முதலாக மாமனார் வீட்டுக்கு வந்திருக்கும் பிள்ளையிடம் தலை சுற்றும் என்றா சொல்வது? என் மானம் என்ன ஆவது? கிளம்பிவிட்டேன்.

முதல் கட்டடத்தில் பழக்க தோஷத்தில் நேரே மோட்டார் அறைக்குள் கூட்டிப் போய்விட்டேன். மரியாதைக்கார மனிதர், மோட்டாரைப் படம் எடுத்துக்கொண்டு, "நல்லா இருக்கு மாமா" என்றார். இரண்டாவது கட்டடத்தில் லிஃப்ட் கதவில் காதை வைத்து, "சத்தம் சரியில்ல மாப்பிள்ளை, உயிர் முக்கியம்" என்று திருப்பினேன். மூன்றாவதிலும் அதையே சொன்னேன், ஆனால் பின்னால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நின்றதைக் கவனிக்கவில்லை. மனிதர் அந்த நிமிஷமே லிஃப்டின் மின்சாரத்தை நிறுத்தினார். ஐந்து நிமிஷத்தில் காய்கறிப் பையோடு பத்துப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சொன்னவரே மேல வந்து மோட்டாரைப் பாத்துட்டுப் போங்க" என்று செயலாளர் கையைப் பிடித்து இழுக்க, பதினேழு மாடியும் படியேறினோம். மொட்டை மாடிக் கதவைத் திறந்துவிட்டு, மோட்டார் அறைச் சாவி எடுக்க அவர் கீழே போய்விட்டார்.

காற்று வேட்டியைப் பிடுங்குகிறது. தண்ணீர்த் தொட்டிக் குழாயைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, "பாருங்க மாப்பிள்ளை, என்ன அழகு!" என்றேன். "அற்புதம் மாமா" என்றது குரல், என் காதுக்குப் பக்கத்திலேயே. ஒரு கண்ணைத் திறந்தால், மருமகன் அதே குழாயை மறுபக்கம் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார்!

"மாமா, எனக்கு உயரம்னா பயம், அவகிட்ட சொல்லிடாதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி காட்டுன மாடிப் படமெல்லாம் சிநேகிதன் எடுத்தது. யாருக்கும் தெரியாத இடம்னு கேட்டா, இடமே இல்லன்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது மைத்துனா. அழுகையும் சிரிப்புமாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். லிஃப்டில் குறையே இல்லை என்று செயலாளரிடம் ஒப்புக்கொண்டு, வாங்க வேண்டிய வசவையும் வாங்கிக்கொண்டோம். அப்புறம் ஆற்றங்கரைப் படகுத்துறைக்குப் பின்னால், டயர்கள் அடுக்கிய இடத்தில் ஒரு உடைந்த பெஞ்சு அகப்பட்டது. உட்கார்ந்தால் எதிர்க்கரைக் கட்டடங்கள் அத்தனையும் வரிசையாகத் தெரிகின்றன, காலும் தரையில் இருக்கிறது. மருமகன் அங்கே எடுத்த படத்தைப் பார்த்து மகள், "இது எத்தனாவது மாடிப்பா?" என்றாள். தொழில் ரகசியம் என்றேன். நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

உன் வீட்டாருக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள். படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உன் அக்கா கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். "இது எனக்குத் தெரியாதாக்கும்! முப்பது வருஷமா மலைக்குப் போற பஸ்ஸுல எல்லாம் ஜன்னல் சீட்ட எனக்குக் குடுத்தது பாசத்துலன்னா நெனச்சேன்?" என்கிறாள். பிறகு ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா ஜன்னல் சீட்டு போயிருக்குமே!"