வலது கை செய்த வேலைநிறுத்தம்

நீச்சல் போட்டியில் கடைசியாக வருவது கேவலமில்லை. யாராவது ஒருவர் கடைசியாக வந்துதான் ஆகவேண்டும். நான் கடைசியாகக்கூட வரவில்லை. தடாகத்துக்கு இருக்கிற நான்கு சுவர்களில் தவறான ஒன்றைத் தொட்டு, வென்றுவிட்டேன் என்று நினைத்து, கையை உயர்த்திக் கத்தினேன். (கத்தியதில் மட்டும் ஒரு குறையும் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.)

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்து, நீச்சல் தடாகத்தில் மல்லாந்து கிடப்பேன். மல்லாந்த நீச்சல்தான் என் பந்தயம். முகம் வானத்துக்கு, முதுகு தண்ணீருக்கு. மலையை விட்டுப் பிரிய மனமில்லாத மேகத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். போகிற திசை மட்டும் தெரியாது. அதுவே ஒரு சுகம் என்று நினைத்திருந்தேன்.

மாகாணப் போட்டி வந்தது. நூறு மீட்டரில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் ஊவா அணியோடு கொழும்புக்குப் போகலாம். வராவிட்டால் திங்கட்கிழமை தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்து, அப்பாவின் பக்கத்து வரிசையில் கத்தியோடு நிற்க வேண்டும். அப்பாவும் நானும் பேசி முடித்த ஏற்பாடு அது.

நடுவில் அம்மா புகுந்தாள். தடாகத்தில் முழங்கால் அளவு தண்ணீர்தான் என்று அதுவரை அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். எவனோ ஒரு புண்ணியவான் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"ஆளு முங்குற தண்ணியாமே! இவன் தனியா போகக்கூடாது. நீங்களும் போங்க. ஓரத்துலயே நில்லுங்க. கண்ண அங்கிட்டு இங்கிட்டு திருப்பாதீங்க" என்று அப்பாவுக்கு உத்தரவு போட்டாள்.

ஆனால் அது கவ்வாத்துக் காலம். கிழட்டுத் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, புதுக் கொழுந்து விட வைக்கிற வேலை. மழைக்கு முன்னால் மலையை முடித்தாக வேண்டும். போட்டி நாளில் அப்பாவுக்கு லீவு கேட்டுக் கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றேன்.

"சனிக்கிழம லீவா? உங்கப்பன் பங்க யாருடா வெட்டுறது, தொரையா?"

"நான் வெட்டுறேங்க. வெள்ளிக்கிழமையே முடிச்சுக் குடுத்துர்றேன்."

"நீயா? கத்தியில எந்தப் பக்கம் கூருன்னு தெரியுமாடா?"

தெரியும் என்பதை நிரூபிக்க வெள்ளிக்கிழமை விடியலில் மலையேறினேன். கவ்வாத்து முழுக்க வலது கையின் உழைப்பு. இடது கை செடியின் கொப்பைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். பத்தாவது செடியில் தோள் முனகியது. ஐம்பதாவது செடியில் கை யாருடையதோ ஆகிவிட்டது. நான் நிறுத்தவில்லை. ஏனென்றால் என்னிடம் ஒரு தத்துவம் இருந்தது: கத்தி மேலே போய்க் கீழே வருகிறது, மல்லாந்த நீச்சலிலும் கை மேலே போய்க் கீழே வருகிறது, ஆகவே இதுவும் பயிற்சி. (உயர்தர வகுப்பு வரை படித்தவனின் மூளை.)

பக்கத்து வரிசையில் தன் அன்றைய பங்கை வெட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"டேய், நாளைக்கு நீந்தப் போறியா, நொண்டப் போறியா?"

"எக்சசைஸ்ப்பா."

"வெளங்கும்" என்று சொல்லிக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் சீப்பைத் தலைவரை தூக்க முடியவில்லை. இடது கையால் வாரினேன். வகிடு மாறி, கண்ணாடியில் வேறு எவனோ நின்றான். அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பயிற்றுநர் பண்டார சேர் சிங்களவர். தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். அவர் எங்களுக்கு ஓயாமல் சொன்ன பாடம் ஒன்றுதான்: "கை களைச்சா முதல்ல வேகம் போறதில்ல. முதல்ல அழகு போறது. பிறகு நேர் போறது. கடைசிலதான் வேகம் போறது." களைத்த கை தண்ணீரைப் பிடித்துத் தள்ளாது, வெறுமனே தடவிக்கொடுக்கும் என்பார். அன்று என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"நேற்று நல்லா ரெஸ்ட் எடுத்ததா?"

"எடுத்தேன் சேர்."

எனக்கு ஓரப் பாதை கிடைத்தது. ஒரு பக்கம் மிதவைக் கயிறு, மறுபக்கம் தடாகத்தின் பக்கச்சுவர். அந்தச் சுவரின் மேல் அப்பா. வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துவாய், கண்ணை அங்கிட்டு இங்கிட்டு திருப்பாத முகம்.

விசில் ஒலித்தது. முதல் இருபத்தைந்து மீட்டர் நான் மீன். இரண்டாவதில் மீனுக்கு வலது செட்டை வலித்தது. அப்போதும் இரண்டாவது ஆளாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவதில் வலது முழங்கை தொய்ந்தது, இடுப்பு அமிழ்ந்தது, வாய்க்குள் தண்ணீர் வந்தது. இடது கை மட்டும் விசுவாசமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஒற்றை மாடு பூட்டிய வண்டி நேராகப் போகுமா? நான் வலப்பக்கம் சாய்ந்தேன். அந்தப் பக்கம் கயிறு இருந்ததால் தப்பித்தேன். அதில் உரசி உரசி, தோல் சிவக்க, நேராகப் போய்ச் சேர்ந்தேன்.

திரும்பி நான்காவதுக்குக் கிளம்பியபோது வலப்பக்கம் கயிறு இல்லை. சுவர்தான் இருந்தது.

வானம் மெதுவாகச் சுழல்வதைக் கவனித்தேன். மேகம்தான் இடம் மாறுகிறது என்று நினைத்தேன். சுவர் நெருங்குவதை எச்சரிக்க, முடிவுக்குச் சற்று முன்னால் குறுக்கே கொடிகள் கட்டியிருப்பார்கள். தலைக்கு மேல் வெள்ளையாக ஏதோ ஆடியது. கொடி! உயிரைக் கொடுத்து இரண்டு இழுப்பு. கை சுவரில் மோதியது. எழுந்து, இடது கையை உயர்த்தி (வலது வரவில்லை), மலைக்கே கேட்கும்படி கத்தினேன்.

சுற்றிப் பார்த்தால் பக்கத்தில் ஒருவரும் இல்லை. எல்லாரையும் இவ்வளவு தூரமா பின்னால் விட்டுவிட்டேன்!

பிறகுதான் தெரிந்தது, எல்லாரும் எனக்குப் பன்னிரண்டு மீட்டர் முன்னால், சரியான சுவரைத் தொட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் தலைக்கு மேல் ஆடிய கொடி அப்பாவின் துவாய். அவர் குனிந்து என் அக்குளில் கைகொடுத்து, ஒரே இழுவையில் என்னைக் கரையில் போட்டார். முடிக்காமல் தண்ணீரை விட்டு ஏறியதால் என் பேரும் பட்டியலை விட்டு ஏறியது.

"வந்துட்டியா? போதும்டா சாமி. போதும்" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். துவாயால் என் தலையைத் துடைத்த துடைப்பில் வகிடு பழைய இடத்துக்கே போயிருக்கும்.

பண்டார சேர் வந்தார். சிரித்துச் சிரித்துக் கண் நிறைந்திருந்தது. என் வலது உள்ளங்கையை விரித்துக் கொப்புளங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இதுவா ரெஸ்ட்?" என்றார். அப்பா அந்தக் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் நான் திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில் பஸ் திணறியபோது அப்பா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"நீ பேரு பதிய வேணாம்."

"ஏம்ப்பா? தோத்துட்டேன்ல?"

"ஒரு நாளு கத்தி புடிச்சதுக்கே செவுத்துல போயி முட்டுற. மலையில விட்டா எந்தப் பள்ளத்துல கெடப்பியோ, யாரு தேடுறது? வேற ஏதாச்சும் படி. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

என் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வேலையிலிருந்து விலக்கியதில்லை. வலது கையைத் தவிர உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. வெளியே கவ்வாத்து வெட்டிய மலை, புதிதாக மொட்டை போட்ட தலை மாதிரிப் பளிச்சென்று கிடந்தது. முதல் தடவையாக அதைப் பயமில்லாமல் பார்த்தேன்.

கொழும்புக்கு நான் கடைசிவரை நீந்திப் போகவில்லை. ஆசிரியராகிப் பஸ்ஸில் போனேன்.

போன வருடம் என் மகள் அதே தடாகத்தில் தன் முதல் பந்தயத்தில் இறங்கினாள். எல்லாரும் முடிவுச் சுவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். எழுபதைத் தாண்டிய அப்பா மட்டும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், பக்கச்சுவரின் நட்டநடுவில், மடியில் துவாயை விரித்து உட்கார்ந்தார்.

"தாத்தா, ஏன் அங்க போறீங்க?" என்று பந்தயத்துக்கு முன் மகள் கூவிக் கேட்டாள்.

"உங்கப்பன் இங்கதாம்மா வந்து சேந்தான். பரம்பரை."

அவள் கோடு போட்டது போல நேராக நீந்தி, சரியான சுவரை மூன்றாவதாகத் தொட்டாள். நாங்கள் கைதட்டிக் குதித்தோம். அப்பா துவாயை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தார்:

"என்ன புள்ள இது, நம்மள ஏறெடுத்தும் பாக்காம போகுது!"